நிலக்கீழ் அறையிலிருந்து ஒரு பாட்டு

என் தம்பி கனடாவிலிருந்து கடிதம் எழுதுவதில்லை, பாட்டு அனுப்புகிறான். எங்களுக்குக் காலை பத்து மணி என்றால் அவனுக்கு நள்ளிரவு. பிரம்டன் நகரிலே ஒரு பண்டகசாலையிற் பெட்டி அடுக்கும் வேலை. இடையில் அரை மணி நேரம் ஓய்வு உண்டு. அந்த அரை மணியில் அவன் உண்ண வேண்டும், கால் நீட்ட வேண்டும், எனக்கும் ஒரு பாட்டு அனுப்ப வேண்டும். உயர்தர வகுப்பில் நான் புறநானூற்றுக் கையறுநிலைச் செய்யுளொன்றை விளக்கிக்கொண்டிருக்கும் வேளை, சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசி ஒருமுறை அதிர்ந்து ஓயும். முன்வரிசை மாணவர் புன்சிரிப்பை அடக்கிக்கொள்வர். "சேருக்குக் கனடாவிலயிருந்து பாட்டு வந்திட்டுது" என்பது எங்கள் வகுப்பறைப் பகிடியாகவே ஆகிவிட்டது.

2022ஆம் ஆண்டின் இறுதியில், காணியை ஈடுவைத்த காசில், மாணவனாகப் போனவன் அவன். ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் எங்கள் உறவினர் இருக்கிறார்கள். ஆயினும் வேலை கிடைத்தது மேற்கே பிரம்டனில். அது பஞ்சாபியர் பெருந்தொகையாய் வாழும் நகரம். ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் மூன்று பஞ்சாபிப் பையன்களுடன் நான்காவது ஆளாகத் தங்கினான். அங்கிருந்து வந்த முதற் பாட்டு, ஏ. பி. தில்லனும் குரிந்தர் கில்லும் பாடி, இன்டென்ஸ் என்பவர் இசை அமைத்து 2020இல் வெளியான 'எக்ஸ்கியூசஸ்'. கூடவே ஒரு குரற்செய்தி: "அண்ணை, உதை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. எங்கட றூமில இரவு பகலா உதுதான்."

கேட்டேன். அரை நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. பஞ்சாப் என்றதும் என் மனக்கண்முன் எழுவது கோதுமை வயல். அறுவடை முடிந்த களிப்பில் ஆடும் பங்ரா. நெஞ்சுக்குள் இடிக்கும் டோல் மத்தளம். இவை ஒன்றும் அங்கே இல்லை. மூடுபனி போல ஒரு மின்னிசை. அதன்மேல் தூக்கத்திற் பேசுவது போன்ற ஒரு குரல். பல்கலைக்கழகத்திலே மக்கள் கலை, மண்வாசனை என்று நான்கு வருடம் பேசிப் பழகிய நாவல்லவா? உடனே பதில் எழுதினேன்: "இது சந்தைக்குச் செய்த சரக்கு. மண்ணிலிருந்து பிடுங்கிக் கண்ணாடிப் போத்தலில் வைத்த செடி." அவனுடைய பதில் ஒரே வரி: "உங்களுக்கு விளங்காது அண்ணை, விடுங்கோ."

அன்று மாலை, என் தீர்ப்பின் நியாயத்தை எனக்கே நிறுவிக்கொள்வதற்காகப் போலும், விறாந்தையில் இருந்து அதே பாட்டை மறுபடி ஓடவிட்டேன். அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. கை நின்றது.

"ஆர் மோனை உது? ஆரோ பாவம், அழுகிற மாதிரிக் கிடக்கு."

"அழுகை ஒண்டும் இல்லையம்மா. ஒரு பெடியன் தன்ர காதலியைப் பற்றிப் பாடுறான்."

"அவன் எதைப் பற்றியும் பாடட்டும். குரல் அழுகுது."

அம்மாவுக்குப் பஞ்சாபி தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால், காலையில் வகுப்பிலே கையறுநிலை என்ற துறைக்கு இலக்கணம் சொல்லிவிட்டு வந்த நான் கேளாத ஒன்றை, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவ கேட்டுவிட்டா. அந்த வெட்கத்தில்தான் இந்த இசையைக் கவனித்துக் கேட்கத் தொடங்கினேன். இரண்டு மூன்று வருடமாகக் கேட்கிறேன்.

பழைய பஞ்சாபிப் பாட்டு திறந்த தொண்டையிற் பிறப்பது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், ஊர்த் திருவிழாக் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் எட்டவேண்டிய குரல் அது. உச்ச சுருதியிலே பிடித்து எறிந்தாற்போல் வரும். லால் சந்த் யம்லா ஜட் என்ற நாட்டுப்புறப் பாடகர் ஊரெங்கும் பரப்பிய ஒற்றைத் தந்தி வாத்தியத்தைத் 'தும்பி' என்கிறார்கள் (பெயர் நம் காதுக்கு எவ்வளவு இனிமை!). அதன் ஒலியும் அப்படித்தான்: சுள்ளென்று குத்தும், மறைந்துவிடும். புதிய பாட்டிலோ எல்லாம் தாழ்ந்து இறங்கிவிட்டன. பாடுபவனின் உதடு ஒலிவாங்கியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒருவன் ஒருவனுடைய காதுக்குள் சொல்லும் இரகசியம் போல் இருக்கிறது குரல். அதன் அடியில் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி நீண்ட, விளிம்பில்லாத சுரக்கூட்டங்களைப் பரப்புகிறது. நம்முடைய தம்புரா செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது என்று முதலில் எண்ணினேன். அது முழுக்கச் சரியன்று. தம்புரா ஓரிடத்தை விட்டு அசையாது. பாடுபவன் எவ்வளவு தூரம் சென்றாலும் திரும்பி வருவதற்கு ஒரு வீடு போல அது நிற்கும். சிந்தசைசரோ மூன்று நான்கு சுரக்கூட்டங்களுக்கிடையே சுற்றிச் சுற்றி நகர்கிறது. மெட்டு மட்டும் ஐந்தாறு சுரங்களுக்குள் நின்றுகொண்டிருக்க, காலடி நிலம் மெல்லப் பெயர்ந்துகொண்டே இருக்கிறது. அம்மா கேட்ட அழுகை இங்கேதான் இருக்கிறது போலும்.

குறையையும் சொல்ல வேண்டும். பஞ்சாபிக் குரலின் அழகு, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு உதறி வழுக்கும் 'முர்க்கி' என்ற நுண்ணசைவிலே உள்ளது. 1997இல் சந்தைக்கு வந்த 'ஓட்டோ ட்யூன்' என்ற சுருதி திருத்தும் கணினிச் செயலி அந்த வழுக்கலைப் படிக்கட்டாக வெட்டிவிடுகிறது. சில பாட்டுகளில் அந்த வெட்டே ஒரு நயம். பெரும்பாலானவற்றில் அது சோம்பல். எல்லாக் குரலும் ஒரே பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்து வருவது போலாகிவிடுகிறது.

'இது இந்திய இசையா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சங்கீத சபைகளில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். நாட்டுப்புறக் கலையைப் பாதுகாக்கப் புறப்பட்டவர்களும் கேட்கிறார்கள். இந்தத் தொனி ஈழத்து வாசகருக்குப் புதிதன்று. அறுபதுகளின் தொடக்கத்தில் நம் எழுத்தாளர் கதைகளில் உழைப்பாளியின் பேச்சு புகுந்தபோது 'இழிசனர் வழக்கு' என்று மூக்கைப் பொத்திய பண்டிதர்களை நாம் மறந்துவிடவில்லை. முதன்முறை கேட்டபோது நானே அத்தகைய ஒரு பண்டிதனாகத்தான் இருந்தேன்.

இந்துஸ்தானி இசையிலே 'தப்பா' என்றொரு வகை உண்டு. சுரங்கள் சிதறிப் பாயும் மிகக் கடினமான பாடல்வகை. பெரும்பாலும் அதன் சாகித்தியம் பஞ்சாபி. பஞ்சாபின் ஒட்டகமோட்டிகள் பாடிய பாட்டை, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லக்னோ அரசவையோடு தொடர்புடைய ஷோரி மியான் சாஸ்திரீய உருவுக்குக் கொண்டுவந்தார் என்பர். ஒட்டகமோட்டி பாலைவழியில் பாடியபோது அது வெறும் பாட்டு. நவாபின் மண்டபத்தில் பாடப்பட்டதும் அது சங்கீதம். குரு நானக்கின் பதங்களுக்கு ரபாப் வாசித்த மர்தானா, தாழ்ந்ததாகக் கருதப்பட்ட மிராசிக் குலத்து முஸ்லிம். அப்பதங்களையும் உள்ளடக்கிய குரு கிரந்த சாகிபு 31 இராகங்களின் கீழ் வகுக்கப்பட்ட நூல். இன்று சீக்கியக் கோயில்களில் அவற்றைப் பாடுவது பெரும்பாலும் ஆர்மோனியத்துடன். அந்த ஆர்மோனியமோ ஐரோப்பாவிலிருந்து வந்தது. இந்திய இசைக்கு ஒவ்வாதது என்று அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை அதனை விலக்கி வைத்திருந்தது. சாவியை அழுத்தினால் ஒலிக்கும் பெட்டி அன்று அந்நியம், இன்று மரபு. சிந்தசைசரும் சாவியை அழுத்தினால் ஒலிக்கும் பெட்டிதானே?

விலக்கல் என்றதும் நம் வீட்டுக் கதையொன்று நினைவுக்கு வருகிறது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராய் வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் மலினமானது என்று அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய அப்புறப்படுத்தினார். அப்பாடல்கள் கடல் தாண்டிக் கொழும்புக்கு வந்தன. அவ்வாண்டே இலங்கை வானொலியில் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. அமீன் சயானியின் குரலுக்காக இந்தியா முழுவதும் கொழும்பை நோக்கிக் காதைத் திருப்பியது. எங்கள் தந்தையாருக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஓ. பி. நய்யாரின் குதிரைவண்டித் தாளத்தை மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார். நய்யார் லாகூரிலிருந்து வந்தவர். அவருக்கு முன்னரே, 1941இல் 'கஸான்ச்சி' படத்தின் மூலம் பஞ்சாபி டோலக்கை இந்தித் திரையில் அதிரவிட்டவர் குலாம் ஹைதர். ஆக, தம்பியின் கைத்தொலைபேசிக்கு அறுபது வருடம் முன்பே பஞ்சாபின் தாளம் யாழ்ப்பாணத்து மேசைகளில் ஏறியிருந்தது. நாங்கள்தான் அதற்குப் 'பம்பாய்ப் பாட்டு' என்று பெயர் வைத்திருந்தோம்.

மின்னிசையும் இந்தத் தலைமுறையின் புதுமோகம் அன்று. 1982ஆம் ஆண்டில் இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஒன்று பம்பாயில்: திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துப் பிழைத்த சரண்ஜித் சிங், பைரவ் முதலிய பத்து இராகங்களை ரோலண்ட் நிறுவனத்தின் மின்னிசைக் கருவிகளில் தனி ஒருவராக வாசித்துப் பதிந்தார். வாங்க ஆளில்லை, 2010இல் அதனை மறுபதிப்பாக்கியபோதுதான் உலகம் வியந்தது. மற்றது லண்டனில்: சவுத்ஹோல் பகுதியின் கலியாண வீடுகளிலும் கோயில்களிலும் பாடிவந்த மொஹிந்தர் கௌர் பம்ரா என்ற பெண்மணியின் குரலுக்கு, அவருடைய மகன் குல்ஜித் சிந்தசைசரும் தாளப்பெட்டியும் சேர்த்து அமைத்த 'பஞ்சாபி டிஸ்கோ'. அதுவும் கவனிப்பாரின்றிக் கிடந்து 2025இல் மறுபதிப்புக் கண்டது. இராகத்துக்கும் யந்திரத்துக்கும் இடையில் முதற் பாலங்களைப் போட்டவர்களுள் ஒருவர் கூலிக்கு வாசித்த கலைஞர், மற்றவர் குடிபெயர்ந்த ஒரு தாய் என்பதை நான் ஒரு தற்செயலாக எண்ணவில்லை.

சவுத்ஹோலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் அங்கே ரப்பர்த் தொழிற்சாலையிலும் பேக்கரிகளிலும் அருகிலுள்ள ஹீத்ரோ விமான நிலையத்திலும் உழைத்தார்கள். 1965இல் அந்த ரப்பர்த் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கம் பின்னால் நின்றது. 1979 ஏப்ரல் 23ஆந் திகதி, நிறவெறியரான தேசிய முன்னணியினர் சவுத்ஹோலிலே கூட்டம் நடத்த வந்தபோது ஊரே எதிர்த்து எழுந்தது. எதிர்த்தவர்களோடு நின்ற பிளேயர் பீச் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியர். அடித்தவர் பெரும்பாலும் ஒரு பொலிஸ்காரராகவே இருக்கவேண்டும் என்ற பொலிஸ் அறிக்கை வெளியாக 2010 வரை, முப்பத்தொரு வருடம், காத்திருக்க வேண்டியிருந்தது. நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் இதை இவ்விடத்திற் சொல்லாமற் போக மனம் வரவில்லை.

அந்த ஆண்டுகளில், அந்தத் தெருக்களில்தான் பிரித்தானிய பங்ரா வளர்ந்தது. சன்னி சிங்கின் 'அலாப்' குழு பங்ராவோடு மின்கிற்றாரையும் சிந்தசைசரையும் சேர்த்தது. இரவில் வெளியே விடாத பெற்றோருக்குத் தெரியாமல், பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகள் பட்டப்பகலில் ஆடப்போன 'பகல் டிஸ்கோ' நிகழ்ச்சிகள் எண்பதுகளில் நடந்தன. பழைய பங்ரா அறுவடை முடிந்ததற்கான ஆட்டம் என்றால், இந்தப் பங்ரா வேலைநேரம் முடிந்ததற்கான ஆட்டம். ஆயினும் அப்போதும் அது கூட்டத்தின் இசை. கலியாண மண்டபம் வேண்டும், நூறு பேர் வேண்டும், வியர்க்க வேண்டும்.

2020இல் மண்டபங்கள் பூட்டப்பட்டன. அந்த வருடந்தான் தில்லனின் பெயர் பரவியது. குர்தாஸ்பூர் மாவட்டத்துக் கிராமமொன்றிற் பிறந்து, மாணவனாகக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போனவர் அவர். திரைப்படம் இல்லை, படமுதலாளி இல்லை, பெரிய இசைத்தட்டு நிறுவனமும் முதலில் இல்லை. நண்பர் சிலர், ஒரு மடிக்கணினி. இந்தியாவின் வெகுசன இசை தொண்ணூறு வருடமாகத் திரைப்படத்தின் குடிமகனாகவே வாழ்ந்துவருகிறது; பாட்டுக்கு ஒரு கதாநாயகன் வாயசைத்தால்தான் அதற்கு உயிர். அந்த ஆதிக்கத்துக்கு வெளியே, சொந்தக் காலிலே நின்று, பின்னர் படக்காரரே வந்து கடன் கேட்கும் நிலைக்கு உயர்ந்தது பஞ்சாபிப் பாட்டு. இந்திய இசையிலே அதன் இடம் எது என்று கேட்டால் நான் முதலிற் சொல்லக்கூடியது இதுதான். தில்ஜித் தோசாஞ்சின் 2021ஆம் ஆண்டு 'மூன்சைல்ட் ஈரா' தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தில்லனின் 2022ஆம் ஆண்டு 'சமர் ஹை' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் மேனாட்டு மின்னிசையை இரவல் வாங்கியிருக்கிறார்கள், மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. தோசாஞ்ச் 2023இல் கலிபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் பஞ்சாபியிலேயே பாடினார். தலைப்பாகையும் அவிழவில்லை, மொழியும் மாறவில்லை. பழைய முதலாளி போன இடத்தில், எந்தப் பாட்டு எவன் காதுக்குப் போகவேண்டும் என்று கணக்குப் பார்க்கும் கணினி நிறுவனங்கள் புதிய முதலாளியாய் வந்து அமர்ந்திருப்பதையும் மறுக்கவில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். இங்கேதான் எனக்கும் இப்பாட்டுகளுக்கும் உள்ள வழக்கு தீரவில்லை.

தம்பியின் அறைத்தோழன் ஒருவன் இந்தியில் சொல்ல, தம்பி தமிழில் சொல்ல, பல பாட்டுகளின் பொருளை எழுதி வைத்தேன். கார் வருகிறது, கார் பெயரோடு வருகிறது. கடிகாரம், சப்பாத்து, துப்பாக்கி, எதிரிக்கு எச்சரிக்கை. 'ஜட்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அது பஞ்சாபின் நிலவுடைமைச் சாதி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பஞ்சாபின் சனத்தொகையில் தாழ்த்தப்பட்ட சாதியினர் 31.9 வீதம், இந்திய மாநிலங்களில் அதுவே மிக உயர்ந்த வீதம். நிலத்திலோ அவர்களுக்குள்ள பங்கு மிகச் சொற்பம். பாட்டின் பெருமிதத்தில் அந்த மூன்றில் ஒரு பங்கு மனிதர் எங்கே? சாதி பற்றி யாழ்ப்பாணத்தான் பிறருக்குப் பாடம் நடத்துவது பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். பொருந்தாதுதான். எங்கள் கிணற்றுக் கட்டுகளும் கோயில் வாசல்களும் எங்களுக்குத் தெரியும். ஆகையினாற்றான் அந்தச் சொல் காதிற் பட்டவுடன் எனக்கு அடையாளம் தெரிகிறது.

பஞ்சாபில் வேறு குரலும் உண்டு. சந்த் ராம் உதாசி ஒரு பள்ளி ஆசிரியர், தலித், தம் பாட்டுகளைத் தாமே மேடையிற் பாடியவர். 1971இல் சிறையும் சித்திரவதையும் கண்டவர். தனி ராம் என்ற ஆலைத் தொழிலாளி 'சம்கீலா' என்ற பெயரிலே எண்பதுகளின் பஞ்சாபைக் கட்டி ஆண்டார். 1988 மார்ச் 8ஆந் திகதி மேசம்பூர் என்ற ஊரில் பாடவந்த இடத்தில் அவரும் அவருடன் பாடும் மனைவி அமர்ஜோத்தும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவரைப் பற்றிய 2024ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கு இசை, நம் ஏ. ஆர். ரகுமான். இன்று கின்னி மாஹி என்ற இளம்பெண், இழிவாகச் சொல்லப்பட்ட தன் சாதிப் பெயரையே பாட்டின் தலைப்பாக்கி மேடையேறுகிறார். இக்குரல்களெல்லாம் உரத்த குரல்கள். மென்மையான மின்னிசைப் பாட்டுக்குள் இவை இன்னும் இடம் பிடிக்கவில்லை.

வேறொரு முரணும் இருக்கிறது. தில்லனின் குழுவினர் 'பிரௌன் முண்டே', அதாவது 'மாநிறப் பையன்கள்', என்று பாடி 2020 செப்டெம்பரில் உலகை வலம்வந்தபோது, அதே பையன்களின் தந்தைமார் நவம்பரில் உழவு இயந்திரங்களோடு டில்லி எல்லையில் வந்து அமர்ந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அமர்ந்து மூன்று வேளாண் சட்டங்களையும் 2021 நவம்பரில் மீளப் பெறச் செய்தார்கள். கன்வர் கிரேவாலின் 'ஐலான்' போன்ற போராட்டப் பாட்டுகள் அந்தக் கூடாரங்களில் பிறந்தன. 2021 பெப்ரவரியில் 'ஐலான்' யூரியூப்பில் இருந்து அகற்றப்பட்டது. தோசாஞ்சும் சிங்கு எல்லைக்குப் போய்ப் பேசினார். ஆனால் காரும் கடிகாரமும் நிறைந்த அந்தப் பாட்டுகளில், பாட்டுக்கான காசு எந்தக் கையால் வந்தது என்பது இல்லை. லொறி ஓட்டும் இரவு இல்லை. பண்டகசாலை இல்லை. நிலத்தை விற்றுக் கட்டிய கல்லூரிக் கட்டணம் இல்லை. இதையெல்லாம் சேர்த்து ஒருநாள் தம்பிக்கு நீளமாய் எழுதினேன். "உழைக்கிறவன் ஏன் தன் உழைப்பைப் பாடக் கூசுகிறான்?" என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. ஒரு வாரம் பாட்டும் வரவில்லை.

அம்மாவின் அறைச் சுவரில் அவனுடைய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. பனி படர்ந்த தெருவில், ஒரு வெள்ளைக் காரின்மேல் சாய்ந்து நிற்கிறான், கறுப்புக் கண்ணாடி. போய் இரண்டு மாதத்தில் அனுப்பியது. அம்மா அதைக் கழுவிப் பெருப்பித்து, சட்டம் போட்டு, வருபவர்க்கெல்லாம் காட்டினா. எங்கள் ஊரில் இத்தகைய படம் இல்லாத வீடு அரிது. எண்பதுகளில் போனவர்கள் தொடக்கம் எல்லாரும் ஒரு காரோடு நின்றிருக்கிறார்கள். அந்த வாரம் நான் பதறிப் பல தடவை அழைத்த பின் அவன் பேசினான். கார் மேல்வீட்டுக்காரருடையது. படம் எடுக்கும்போது அவர் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"சம்பளம் ரெண்டு மாசமா வரேல்லை அண்ணை," என்றான். பண்டகசாலைக்கு ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தகாரன் இன்று நாளை என்று கடத்திக்கொண்டிருந்தான். மாணவன், அனுமதித்த மணிக்கு மேலும் வேலை செய்திருக்கிறான், முறையிடப் பயம். வாடகையில் தம்பியின் பங்கை அந்த மூன்று பையன்களும் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கும் அதே ஒப்பந்தகாரன், அதே கதை. ரொட்டி அவர்களுடையது, பருப்பு இவனுடையது.

"ஏன்ரா வீட்டுக்குச் சொல்லேல்லை?"

"அம்மா அந்தப் படத்தை மாட்டி வைச்சிருக்கிறா எண்டு சொன்னீங்களே."

நான் அன்று எழுதிக் கேட்ட கேள்விக்கு விடை வேறு எதற்கு? கார்ப் பாட்டு யாருக்கு அனுப்பப்படும் படம் என்பது எனக்கு விளங்கியது. சொல் வீட்டுக்குக் காட்டுவதற்கு. அழுகிறது என்று அம்மா சொன்ன அந்தக் குரலும் அதன் அடியில் நகரும் சுரக்கூட்டமும் அறைக்குள் இருப்பவர்களுக்கு. இதனால் துப்பாக்கியையும் சாதிப் பெருமையையும் நான் மன்னித்துவிட்டேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அவை அந்தப் படத்தில் நிற்பவன் இரவல் வாங்கிய உடுப்பு. இரவல் என்றாலும் உடுப்பு உடுப்புத்தான், பிறனைக் காயப்படுத்தும்.

பிரம்டனில் 2021 தொடக்கம் 'நௌஜவான் சப்போர்ட் நெட்வேர்க்' என்றோர் அமைப்பு இயங்கிவருகிறது. சம்பளம் ஏய்க்கப்பட்ட பஞ்சாபி மாணவரும் இளந்தொழிலாளரும் சேர்ந்து கட்டியது. ஏய்த்த முதலாளியின் வீட்டு வாசலுக்கே பதாகையோடு போய் நிற்பது அவர்கள் வழி. 2023 ஜூனில், முகவர்கள் கொடுத்த போலி அனுமதிக் கடிதத்தால் நாடுகடத்தப்பட இருந்த மாணவர்கள் பக்கத்து நகரான மிசிசாகாவில் இரவும் பகலும் தெருவிலே குந்தியிருந்தபோது அதனைப் பார்த்துப் பலருக்குப் பயம் தெளிந்தது. தம்பியும் அறைத்தோழனும் வேறு சிலரும், அந்த வழியையே பின்பற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தகாரனின் வீட்டு வாசலில் நின்றார்கள். பாதிச் சம்பளம் அந்த வாரமே வந்தது. மீதி இன்னும் இல்லை.

அன்றிரவு அவர்கள் அறையிற் பாடியதைப் பதிந்து எனக்கு அனுப்பினான். சிந்தசைசர் இல்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துத் தம்பி தாளம் போடுகிறான். நம் கோயிற் பறையின் நடை எங்கோ அதற்குள் நுழைந்துவிடுகிறது. ஒருவன் 'ஹீர்' எடுக்கிறான். ஹீர், ராஞ்சா காதற் கதையை வாரிஸ் ஷா 1766இல் பாடியபின் பஞ்சாபியர் இன்றுவரை பாடிவரும் அந்த நீண்ட மெட்டு. திறந்த தொண்டை. வயலின் மறுகரைக்கு எறியும் குரல். கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கி தாங்காமல் கரகரத்தது. இரண்டு அடி பாடியிருப்பான். மேலேயிருந்து தடதடவென்று யாரோ தரையைத் தட்டும் ஓசை. பாட்டு நின்றது. அடக்கிய சிரிப்பு. பிறகு அதே ஹீரை அவன் மறுபடி எடுத்தான், இம்முறை உதட்டுக்குள்ளேயே, ஒருவன் காதுக்குள் ஒருவன் சொல்வது போல. வாளியில் விரல் நுனி மட்டும். யாரோ கைத்தொலைபேசியில் ஒரு மின்னிசைச் சுருதியைத் தட்டிவிட, அது பனி போலப் பரவிக் கீழே நின்றது.

அம்மா பக்கத்தில் இருந்து முழுவதையும் கேட்டா. முடிந்ததும், "இன்னொருக்காப் போடு மோனை," என்றா. போட்டேன். தட்டும் ஓசை வந்த இடத்தில் என் கையைப் பிடித்தா.

"மேல இருக்கிறவன் ஏன் தட்டுறான்? பொடியள் நல்லாத்தானே பாடுதுகள்."